ஓரத்தில் இருப்பது மூட்டை அல்ல

ஞாயிறு. காலையிலிருந்து தூறல்.

நிலாவில் மனிதன் இறங்கிய வருடம். தையில் மெட்ராஸ் ராஜ்ஜியத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் மாறியது. அந்தத் தை முடிவதற்குள் முதலமைச்சர் இறந்து ஊரே கடற்கரைச் சாலையில். ஆடியில் நிலா. தீபாவளிக்கு முன்னால் எங்கள் கேங்கு ஏகாம்பரம் இறந்தான். அந்த ஆடி மாதம் எடுத்த படம்தான் இது, சந்தேகமே இல்லை.

கல்மண்டபம் மளிகைக்கடை அண்ணாச்சியின் போனில் பார்த்தேன். கலரில். வெல்லம் வாங்கப் போனவன் வெல்லத்தை மறந்தேன்.

"இந்த வருசம் கடைக் காலண்டருக்கு இதான் பெரியவரே. பழைய துறைமுகம்னு தட்டுனேன், மொத ஆளா வந்து நின்னுச்சு. பளிச்சுன்னு இருக்குல்லா?"

பளிச்சென்றுதான் இருக்கிறது. அதுதான் கோளாறு. கறுப்பு வெள்ளைப் படத்தை யாரோ மெஷினில் கொடுத்துக் கலர் ஆக்கியிருக்கிறார்கள். மெஷின் தெரியாததை எல்லாம் தானாகப் போட்டுக்கொண்டது. லாசருக்கு இரண்டு கண். அவனுக்கு ஒன்றுதான். அப்பாராவின் கையில் ஆறு விரல். உண்மையில் நாலு. கஃபூர் பாய் தோளில் மாட்டியிருந்த கொக்கி குடைக்கம்பு ஆகிவிட்டது. எல்லார் காலிலும் செருப்பு. அடியில் இங்கிலீஷில் ஏதோ. கல்கத்தாத் துறைமுகத்துக் கூலிகள் என்று அண்ணாச்சி படித்துச் சொன்னார்.

"கல்கத்தா இல்ல அண்ணாச்சி. நம்ம ஆர்பரு. ஆறு பேரும் எங்க கேங்கு."

"நீர் எப்படிச் சொல்லுதீர்?"

"ஓரமா ஒரு மூட்ட கீதே. அது நான்தான்."

அண்ணாச்சி சிரித்த சிரிப்பில் எலக்ட்ரானிக் தராசில் நம்பர் ஆடியது. நான் சிரிக்கவில்லை. அவரும் நிறுத்திக்கொண்டார். கடைசியில் சொன்னது: சனிக்கிழமை மத்தியானம் பிரஸ்ஸில் அச்சு ஓடத் தொடங்கும். அதற்குள் அசல் படம் கிடைத்தால் அதைப் போடுவார். பெயர்களும் போடுவார். ஆனால் வாட்ஸப்பில் எழுத்தாக வரவேண்டும். குரலில் அனுப்பினால் பிரஸ்காரர் காது கொடுக்கமாட்டார்.

எனக்கு எழுத்து தெரியாது. ஆறு நாள் இருக்கிறது.

திங்கள். மழை விட்டு வெயில். துணி காய்ந்தது.

இதையும் நான் எழுதவில்லை. வாயால் சொல்கிறேன், போன் எழுதிக்கொள்கிறது. மருமகள் வசந்தி போன மாதம் காட்டிக்கொடுத்தாள். மைக் படத்தை அமுக்கினால் நான் பேசுவது எழுத்தாகும். ஸ்பீக்கர் படத்தை அமுக்கினால் எழுதியதை ஒரு பெண் குரல் திருப்பிப் படிக்கும். அப்படித்தான் சரிபார்க்கிறேன். தப்பு இருந்தால் அழிப்பதற்கு ஒரு அம்புக்குறி. இந்த மூன்று படமும் தெரிந்தால் போதும்.

இதற்கு நம் பேச்சு புரியாது. "மழ வந்துகினு கீது" என்றேன். "மழை வந்து கனகா கீதா" என்று படித்தது. வூடு என்றால் விடு. பேஜாரு என்றால் பஜார். பிறகு நியூஸ் படிப்பதுபோலப் பேசினேன். கையைக் கட்டிக்கொண்டு எழுதுகிறது.

அந்தத் தமிழ் எனக்கு வரும். துறைமுக வாசல் டீக்கடையில் காலை ஏழே கால் செய்தி கேட்பேன். ஒரு தடவை கேட்டால் அப்படியே நிற்கும். சாப்பாட்டு வேளையில் மூட்டைமேல் நின்று கேங்குக்கு ஒப்பிப்பேன். வாசிப்பவர் இருமினால் அதையும் சேர்த்து. அதனால் எனக்கு ரேடியோ என்று பெயர்.

ஆனால் ஆட்கள் பேசியதைப் பேசியபடியே வைக்கவேண்டும். அதற்காகக் 'கீது'வைப் பதினாறு தடவை அழித்து அழித்துச் சொன்னேன். பதினேழாம் தடவை கீது என்று எழுதியது. அதற்கப்புறம் மாறவில்லை. பிடிவாதம் இரண்டு பக்கமும்.

போனைத் திறக்க எல்லாரும் கட்டைவிரல் வைக்கிறார்கள். படித்தவன் எல்லாம் இன்று கைநாட்டு. ஆயுசு முழுக்கக் கைநாட்டாக இருந்த என் விரலை மட்டும் எடுக்கமாட்டேன் என்கிறது. ரேஷன் கடை மெஷினும் இதே கதை. ரேகை எல்லாம் சாக்கோடு போய்விட்டது. அதனால் வசந்தி எனக்குக் கோடு வைத்துக் கொடுத்திருக்கிறாள். மேலிருந்து கீழே ஒன்று, அப்புறம் வலது பக்கம் ஒன்று. "இதான் 'ட'னா மாமா" என்றாள். எனக்குத் தெரிந்த ஒரே எழுத்து.

முட்டி வலி என்று யாரிடமும் சொல்லவில்லை. தனியாக முனகினேன். மத்தியானம் போனில் முட்டித் தைலம் விளம்பரம்.

செவ்வாய். மேகம். எண்ணூர்ப் பக்கமிருந்து கெட்ட வாடை.

வசந்திக்கு இன்று வாரலீவு. படத்தைக் காட்டினால் அதேமாதிரிப் படத்தை உலகத்தில் எங்கிருந்தாலும் தேடிக் கொடுக்குமாம். காட்டினாள். முதலில் எங்களைப் போலவே நிற்கும் வேறு ஆறு பேர், ஏதோ கிரிக்கெட் கோஷ்டி. பிறகு ஒரு செருப்பு விளம்பரம். மெஷின் போட்ட செருப்பைப் பார்த்து ஏமாந்திருக்கிறது. மூன்றாவதாக ஏதோ வெளிநாட்டுப் பக்கம். திறக்கப் போனால் நீ மனிதனா என்று கேட்டது.

ஒன்பது கட்டம். படகு இருக்கும் கட்டத்தைத் தொடவேண்டும்.

"இது படகு. இது படகு. இதத் தொடாத."

"ஏன் மாமா? தண்ணில தான கீது?"

"அது பார்ஜும்மா. அத வேற ஒன்னு இழுக்கணும். தானா போனாத்தான் படகு."

தொடவில்லை. நான் மனிதன் இல்லை என்று சொல்லிவிட்டது. மறுபடி ஒன்பது கட்டம். இந்தத் தடவை ஒரு கட்டத்தில் மிதவை, அதற்கும் சண்டை. மூன்றாம் தடவை வசந்தி, "நீங்க அப்படி போய் உக்காருங்க" என்று சொல்லி, மிதப்பது எல்லாவற்றையும் தொட்டாள். மனிதன் என்று ஒப்புக்கொண்டது.

அசல் படம் வந்தது. அன்று நாங்கள் மூட்டை இறக்கிய கப்பலில் வேலை பார்த்த வெள்ளைக்காரர் எடுத்தது. அவருடைய மகள் போட்டிருக்கிறாள். மெட்ராஸ் என்று எழுதியிருப்பதாக வசந்தி படித்தாள். லாசருக்கு ஒரு கண். கொக்கி கொக்கியாக. கால் எல்லாம் வெறும் கால்.

ஓரத்தில் புகைபோல ஒன்று. ஒரு கை மட்டும் மேலே. அதுதான் நான். நிலாச் செய்தியை அன்றைக்குத்தான் ஒப்பித்தேன். "மனிதன் சந்திரனில் காலடி எடுத்து வைத்தான்." எப்போதும் காலைப் பலகார நினைப்பிலேயே இருக்கும் வேலு கேட்டான், "அங்க நாஷ்டா கெடைக்குமாடா ரேடியோ?" எல்லாரும் சிரித்தபோது வெள்ளைக்காரர் எடுத்தார். மற்றவர்கள் வாயால் சிரித்தார்கள். நான் குதித்துவிட்டேன். குதித்தவனை மெஷின் மூட்டையாகக் கட்டிவிட்டது.

வசந்தி அந்தப் புகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னா மாமா, ஒல்லியா கீறீங்க" என்றாள்.

பெயர்களைத் தான் அடித்துத் தருவதாகச் சொன்னாள். அடித்தாள். படிக்கச் சொன்னேன். "திரு. லாசர் அவர்கள்." யார் அது? கல்யாணப் பத்திரிகையா? அவனை அப்படிக் கூப்பிட்டிருந்தால் திரும்பியே பார்த்திருக்கமாட்டான். அழிக்கச் சொன்னேன். கோபம் இல்லை, அவளுக்கு மரியாதை தெரியும், அவ்வளவுதான். இந்தப் பெயர்கள் என் வாயிலிருந்து போகட்டும். சம்பள ரிஜிஸ்டரில் ஏழு பேரும் வைத்தது விரல். எழுத்தாக ஒரு இடத்திலாவது வரட்டும்.

புதன். நல்ல மழை. வெளியே போகவில்லை.

நாள் முழுக்கப் பெயர். முதலில் போன் எழுதியது, பிறகு வழிக்கு வந்தது:

எதிர் ராஜா. ஏழு தடவைக்கு அப்புறம் எத்திராஜ் மேஸ்திரி.

ஒத்த கண்ணு லேசர். லேசராம். பதினொரு தடவை. ஒத்தக்கண்ணு லாசர்.

கற்பூரம் பாய். இதற்குத்தான் ரொம்ப நேரம். கஃபூர் பாய் கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

அப்பா வரவு. நாலு தடவை. அப்பாராவ்.

நஷ்டா வேலு, நஷ்டம் வேலு, நாட்டு வேலு. ஒருவழியாக நாஷ்டா வேலு.

ஏகாம்பரம் மட்டும் முதல் தடவையே. சாமி பெயர், அதற்கும் தெரிந்திருக்கிறது. அவனுக்கு வேறு படம் கிடையாது. கல்யாணம் ஆகவில்லை. கயிறு அறுந்து கப்பலின் அடியறையில் மூட்டையோடு போனவன், இருபத்திரண்டு வயது. இந்தப் படத்தில் சிரிக்கிறான்.

வேலுதான் கடைசியாகப் போனவன், எல்லாரும் முகமூடி போட்டுத் திரிந்த வருடம். ஆஸ்பத்திரியிலிருந்து போனில் முகம் பார்த்துப் பேசினான். பேச்சு முன்னால், உதடு பின்னால். அவன் நம்பரை நான் போனிலிருந்து அழிக்கவில்லை. இப்போது அந்த நம்பரின் வாட்ஸப் படத்தில் யாரோ ஒருவர், பைக்கோடு நிற்கிறார். தினமும் காலையில் ரோஜாப்பூப் படம் எனக்கும் வருகிறது. நான் யார் என்று அவருக்கும் தெரியாது. நான் பதிலுக்குக் கும்பிடும் கையை அனுப்புகிறேன்.

சாயங்காலம் அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். ஒத்தக்கண்ணு என்றதும் தயங்கினார்.

"பட்டப்பேரு வேண்டாம் பெரியவரே. நாளைக்கு அவுக வீட்டு ஆளுக கடைக்கு முன்னால வந்து நின்னா நான் என்ன சொல்ல? அவுக வீட்டுல ஒரு வார்த்த கேட்டுட்டு வாரும். இல்லன்னா கலர்ப் படமே இருக்கட்டும். ரெண்டு கண்ணு இருந்தா யாருக்கு நட்டம்?"

நியாயம்தான். ஆனால் கலர்ப் படம் இருக்கட்டும் என்றதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வியாழன். வானம் திறந்தது. தெருவில் கணுக்கால் தண்ணீர்.

லாசர் மகள் பிலோமினா வீட்டுக்கு நடந்தேன். சர்ச்சுக்குப் பின்னால் மூன்றாம் சந்து. போன், வழி சொல்கிறேன் என்று கிளம்பி, ரயில் பாதைக்குள் இடது பக்கம் திரும்பு என்றது. வாயை மூட வைத்தேன். ஐம்பது வருடமாகப் போகும் வழி.

பிலோமினா வாசலில் சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னைச் சித்தப்பா என்பாள். முதலில் கலர்ப் படத்தைக் காட்டினேன். அண்ணாச்சி சொன்னதையும் சொல்லிவிட வேண்டும் அல்லவா. மறைக்கக்கூடாது.

"யாரு சித்தப்பா இவரு? சினிமாக்காரனா?"

"உங்கப்பன்தான்."

"போ சித்தப்பா. காலங்காத்தால கலாய்ச்சிகினு. எங்கப்பா இப்டியா இருப்பாரு?"

கட்டைவிரலால் அந்தக் கண்ணை மறைத்துக் காட்டப் பார்த்தேன். விரல் பட்டதும் படம் பெரிதாகிறது, ஓடுகிறது, வேறு ஆள் வருகிறார். விரலுக்கும் போனுக்கும் ஆகவே ஆகாது. அவள் போனை வாங்கினாள். அவள் கையிலிருந்து ஒரு செதில் கண்ணாடியில் ஒட்டியது. அதை விரல் நுனியால் நகர்த்தி நகர்த்தி அந்தக் கண்மேல் வைத்தாள்.

லாசர் கண் அப்படித்தான் இருந்தது. வெள்ளையாக, வெளிச்சம் பட்டால் மினுங்கும்.

பூனை வந்து ஒரு மீன் தலையை எடுத்துப் போனது, பிலோமினா விரட்டவில்லை.

"இந்த ஒத்தக் கண்ணால பாத்துதான் எனக்குப் பேன் எடுப்பாரு" என்றாள். "எங்கம்மாவுக்குக் கூடப் பொறுமை கெடயாது."

அண்ணாச்சி பயப்படுவதைச் சொன்னேன். பட்டப்பெயர் போட்டால் சண்டைக்கு வருவாயா என்று கேட்கச் சொன்னார்.

"போடலன்னாதான் வருவேன். நானே வர்றேன் நாளைக்கி. ரெண்டு கண்ணு வெச்ச ஆளு யாரு வூட்டு அப்பனோ, அவங்க மாட்டிக்கட்டும்."

அப்புறம் அசல் படத்தைக் காட்டினேன். புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். மீன் குழம்பு ஊற்றிச் சோறு போட்டாள். திரும்பும்போது மழை இல்லை.

வெள்ளி. வெயில். கொசு.

பிலோமினா சொன்னபடி வந்தாள். கடையில் கூட்டம். அண்ணாச்சி பருப்புக் கட்டிக்கொண்டே சொன்னார், "கலர் இல்லாட்டா யாரும்மா சுவத்துல மாட்டுவா?"

"நான் மாட்டுவேன். எங்க சந்துல பத்து வூடு கீது, பத்துலயும் மாட்டுவேன். ஆணி நானே அடிப்பேன்."

"ஒத்தக்கண்ணுன்னே போடவா?"

"அண்ணாச்சி, அந்தப் பேர சொல்லித்தான் எங்கம்மாவப் பொண்ணு கேட்டாங்க."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒரு அம்மா, "போடுங்களேன், உங்க கை இன்னா தேஞ்சா பூடும்" என்றாள். அண்ணாச்சி ஒத்துக்கொண்டார். அசல் படம், கறுப்பு வெள்ளை, அடியில் ஏழு பெயர், இடமிருந்து வலமாக.

மத்தியானம் உட்கார்ந்து சொன்னேன். ஒவ்வொரு பெயரையும் போனில் படிக்கும் அந்தம்மாவைத் திருப்பிப் படிக்கவைத்தேன். ஆறும் சரி. ஏழாவது என் பெயர்தானே என்று சொல்லி முடித்து அனுப்பிவிட்டேன். இரண்டு கோடு நீலமாயிற்று. படித்துவிட்டார் என்று அர்த்தம்.

நான் எழுதி அனுப்பிய முதல் கடிதம். டீ நன்றாக இருந்தது.

சனி. இளவெயில். காற்று.

அண்ணாச்சி கூப்பிட்டனுப்பினார். பிரஸ்ஸிலிருந்து மாதிரித் தாள் வந்திருக்கிறது. காலண்டர் அளவிலேயே. லாசர் ஒரு கண்ணோடு. ஏகாம்பரம் சிரிப்போடு. ஓரத்தில் புகை, மேலே கை. அடியில் ஒரு நீள வரி, எழுத்து.

"எல்லாஞ் சரிதான? ஆளு நிக்கான், கையோட குடுத்து விடணும்."

சரி என்று சொல்லியிருப்பேன். வாய் திறந்துவிட்டேன். ஆனாலும் வரியைக் குனிந்து பார்த்தேன். எனக்குத் தெரிந்த எழுத்து ஒன்றுதானே, தினமும் பத்துத் தடவை போடுகிறேன், அதாவது இருக்கிறதா என்று. இருந்தது. வரியின் நடுவில், மேலிருந்து கீழே, அப்புறம் வலது பக்கம். பக்கத்தில் கால் ஒன்று.

"இது இன்னா பேரு அண்ணாச்சி?"

"நாஷ்டா வேலு. நாஷ்டால 'டா' வருதுல்லா."

நாஷ்டாவில் டா. அப்படியானால் ரேடியோவில்? மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். ரே, டி, யோ. அதிலும் வரவேண்டும். வரியின் கடைசி வரை விரல் வைத்துப் போனேன். கடைசி வரை இல்லை.

"ஒன்னு கொறையுது."

"என்னது?"

"ஒரு 'ட'னா கொறையுது. ஏழாவது பேரு இல்ல."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். "உமக்குப் படிக்கத் தெரியாதுன்னுல்லா சொன்னீரு."

"இந்த எழுத்து தெரியும்."

போனை எடுத்து என் கடிதத்தைத் தேடினார். "நீர் அனுப்புனதுல கடேசியா 'ரேடியோ குப்பை'ன்னு இருந்துச்சுய்யா. ஏதோ தவறுதலா விழுந்துட்டுன்னு நான்தான் வெட்டச் சொன்னேன்."

குப்பை.

திருப்பிக் கேட்காமல் விட்டது என் தப்பு. ஆனால் போன்மேலும் குற்றம் இல்லை. என் பெயரை நம் ஆட்கள் யாரும் முழுசாக முடித்ததில்லை. கடைசி எழுத்தை மூக்கில் விட்டுவிடுவோம். எழுபத்தாறு வருடமாக என் காதில் விழுந்ததும் அதுதான், என் வாயில் வருவதும் அதுதான். அது கேட்டபடி எழுதியிருக்கிறது. எனக்கு மேல் பிறந்த மூன்றும் தங்கவில்லை என்று அம்மா குப்பையில் புரட்டி எடுத்து வைத்த பெயர். அந்த அளவில் அதற்கும் உண்மை தெரிந்திருக்கிறது.

பிரஸ் ஆள் வண்டியை ஸ்டார்ட் பண்ணிவிட்டான். பிலோமினா சர்ச்சுக்குப் போகும் வழியில் வந்தவள், வண்டிச் சாவியைத் திருகிப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டாள். "சித்தப்பா சொல்ற வரைக்கும் நில்லு நைனா."

"சரிய்யா, இப்பவே திருத்திடுவோம்" என்றார் அண்ணாச்சி. நான் வாயால் சொல்கிறேன், அவர் கையால் அடிக்கட்டும் என்றார். வேண்டாம் என்றேன். 'ட' போட்டு என் போனைத் திறந்தேன். மைக்கை அமுக்கினேன். கடையில் எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள். தராசுகூட அசையவில்லை.

மூட்டைமேல் நின்று சொல்வதுபோல முதுகை நிமிர்த்தி, நியூஸ் குரலில், கடைசி எழுத்தில் நாக்கை மேலே ஒட்டி நிறுத்திச் சொன்னேன். ஸ்பீக்கரை அமுக்கினேன். அந்தம்மா படித்தாள்:

ஓரத்தில் இருப்பது மூட்டை அல்ல. ஏழாவது ஆள், உயிரோடு இருப்பவன், ரேடியோ குப்பன்.